‘டிஸ்கஸ்’ வினைக்குப் பின்னால் ‘அபவுட்’ எதற்கு?

நீலகிரிக்கு ஆங்கிலம் புதிதல்ல. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்ததிலிருந்து கணக்கிட்டால் இருநூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கியது. 1893-இல் உருவான தோட்ட அதிபர்களின் அமைப்பான உபாசிக்குக் குன்னூர்தான் தலைமையிடம். எஸ்டேட் ஆபீசின் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலத்துக்கு இன்றும் பெரிய இடம் உண்டு. இத்தனைக்குப் பிறகும், சம்பளப் பேச்சுவார்த்தை முடிந்து எழுதும் குறிப்பில் ‘வி டிஸ்கஸ்டு அபவுட் த வேஜஸ்’ என்று வந்துவிடுகிறது. பள்ளிக் கட்டுரை நோட்டிலும் அதே ‘அபவுட்’ எட்டிப் பார்க்கிறது. ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, “தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதுற, அதான்” என்கிறார். ப்ரெபொசிஷன் என்று பள்ளியில் சொல்லப்படும் முன்னிடைச்சொல் எங்கே பிசகினாலும் நம் ஊரில் கிடைக்கும் விளக்கம் இது ஒன்றுதான். இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தவறு. தவறான அந்தப் பாதியை நம்பிப் பாடம் நடத்துவதால்தான் பன்னிரண்டு வருடம் படித்த பிறகும் அந்த ‘அபவுட்’ விலக மாட்டேன் என்கிறது.

உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடலாம். ‘ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ’ என்று ஒரு மாணவர் எழுதினால் அதன் வேர் தமிழில் இருப்பது வெளிப்படை. நமக்குக் கோபம் ஒருவர் ‘மேல’ வருகிறது. புகாரும் ஒருவர் மேல்தான் கொடுக்கப்படுகிறது. எனவே ‘கம்ப்ளெயின்ட் ஆன் ஹிம்’. தேயிலைச் செடிக்கு மருந்து அடிக்கிறோம். அதனால் ‘ஸ்ப்ரேட் மெடிசின் டு த பிளான்ட்’. ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ரே’ என்ற வினை இரண்டு விதமாக நிற்கும். மருந்தைச் செடி ‘ஆன்’ தெளிக்கலாம்; இல்லையென்றால் செடியையே செயப்படுபொருளாக்கி மருந்து ‘வித்’ தெளிக்கலாம். தமிழில் பேச்சுக்குப் பழகிய வழி நான்காம் வேற்றுமை ஒன்றுதான்: செடிக்கு அடிப்பது. அந்த ‘-க்கு’ நேரே ‘டு’வாக இறங்கிவிடுகிறது.

இதற்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘கம்ப்ளெயின்ட்’, ‘ரிப்போர்ட்’, ‘அப்ளை’, ‘சப்ளை’ போன்ற சொற்கள் தோட்டத்துக்காரர்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் அறிமுகமானவை அல்ல. அவை ஏற்கெனவே பேச்சுத் தமிழுக்குள் குடியேறி, ‘பண்ணு’ என்ற துணையோடு தமிழ் வினைகளாகவே வாழ்கின்றன. ஏழு மணி மஸ்டருக்கு வராதவரைப் பற்றி மேஸ்திரி ‘ஃபீல்டு ஆபீசர்கிட்ட ரிப்போர்ட் பண்ணினார்’. லீவு முடிந்தவர் ‘டியூட்டிக்கு ரிப்போர்ட் பண்ணினார்’. மகன் ‘வேலைக்கு அப்ளை பண்ணினான்’, பிறகு ‘இன்டர்வியூவுக்கு அட்டெண்ட் பண்ணினான்’. சிறு விவசாயி ‘ஃபேக்டரிக்குக் கொழுந்து சப்ளை பண்ணினார்’. இங்கே சொல் ஆங்கிலம், அது கேட்கும் உருபு தமிழ். ‘கிட்ட’ வேண்டுமா, ‘-க்கு’ வேண்டுமா, ‘மேல’ வேண்டுமா என்பதையெல்லாம் தமிழ் முடிவு செய்து தலைமுறைகள் ஆகிவிட்டன. பத்தாம் வகுப்பில் அதே சொல்லை ஆங்கில வாக்கியத்தில் போடச் சொல்லும்போது மாணவி புதிதாக ஒரு வினையைக் கற்கவில்லை. வீட்டில் இருப்பதை எடுத்துப் போடுகிறாள். ‘அட்டெண்டட் ஃபார் த இன்டர்வியூ’ பிறப்பது இப்படித்தான். 1930-களின் பின்பாதியில் இதே மலையில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எம். பி. எமனோ, 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தியாவை ‘ஒரே மொழிப்பரப்பு’ என்று வர்ணித்தார். வெவ்வேறு குடும்பத்து மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் பேசப்பட்டால் சொல் மட்டுமில்லாமல் இலக்கணமும் கைமாறும் என்பது அவர் கண்டது. ‘ரிப்போர்ட் பண்ணு’ அதன் சின்ன உதாரணம்.

ஆக, தமிழின் செல்வாக்கை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த விளக்கத்தை ‘டிஸ்கஸ் அபவுட்’ மீது பொருத்திப் பார்த்தால் ஆட்டம் காண்கிறது. ‘சம்பளத்தைப் பத்திப் பேசினோம்’ என்பதன் மொழிபெயர்ப்பு என்பார்கள். சரி. அப்படியென்றால் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ எங்கிருந்து வந்தது? தமிழில் யாரும் ‘என்னை விளக்குங்கள்’ என்பதில்லை. ‘எனக்கு விளக்குங்கள்’ என்றே சொல்கிறோம். தமிழை அப்படியே பெயர்த்திருந்தால் ‘எக்ஸ்ப்ளெயின் டு மீ’ என்ற சரியான வடிவம் கையோடு வந்திருக்கும். ‘மேரீட் வித் ஹெர்’ என்பதும் அதே கதை. ‘அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான்’ என்று தமிழில் இரண்டாம் வேற்றுமை இருக்கிறது, ஆங்கிலமும் இடையில் எதையும் கேட்பதில்லை. இரண்டு மொழியும் ஒத்துப்போகும் இடத்தில், இரண்டிலும் இல்லாத ‘வித்’ வந்து நுழைகிறது. தமிழ்தான் எல்லாத் தவறுக்கும் ஊற்று என்றால், தமிழ் கைகொடுக்கும் இடங்களிலாவது தவறு குறைய வேண்டும். அது நடக்கவில்லை.

விடை ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊரில் தேவையில்லாத முன்னிடைச்சொல் வந்து ஒட்டிக்கொள்ளும் வினைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: டிஸ்கஸ் அபவுட், எம்ஃபசைஸ் ஆன், ரிக்வஸ்ட் ஃபார், என்டர் இன்டு, ஆன்ஸர் டு, விசிட் டு, ஆர்டர் ஃபார், இன்வெஸ்டிகேட் இன்டு, அட்டாக் ஆன், லேக் ஆஃப். இப்போது இவற்றின் பெயர்ச்சொற்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டிஸ்கஷன் அபவுட், எம்ஃபசிஸ் ஆன், எ ரிக்வஸ்ட் ஃபார், என்ட்ரி இன்டு, ஆன் ஆன்ஸர் டு, எ விசிட் டு, ஆன் ஆர்டர் ஃபார், இன்வெஸ்டிகேஷன் இன்டு, ஆன் அட்டாக் ஆன், எ லேக் ஆஃப். இவை அத்தனையும் சரியான ஆங்கிலம். பெயருக்குப் பின்னால் வரவேண்டியதை மாணவர் வினைக்குப் பின்னாலும் வைக்கிறார். அதாவது, ஆங்கிலம் பாதி வழியில் கைவிட்ட ஒழுங்கை அவர் கடைசிவரை கடைப்பிடிக்கிறார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை. விதியைக் கண்டுபிடித்து அதன்படி நடக்கும் மூளையின் வேலை இது.

இரண்டாவது தூண்டுதலும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் நம் மொழியைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. ஒவ்வொரு வினைக்கும் அதற்கான வேற்றுமை இருந்தது. அந்த உருபுகள் தேய்ந்தபோது முன்னிடைச்சொற்கள் அவற்றின் வேலையை எடுத்துக்கொண்டன. பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்த பல வினைகளோ நேரே செயப்படுபொருளைப் பிடித்துக்கொண்டன. விளைவு, ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரட்டை வினைகள். ‘டாக் அபவுட்’ ஒரு பக்கம், ‘டிஸ்கஸ்’ மறுபக்கம். ‘கோ இன்டு’ – ‘என்டர்’. ‘ஆஸ்க் ஃபார்’ – ‘ரிக்வஸ்ட்’. ‘லுக் இன்டு’ – ‘இன்வெஸ்டிகேட்’. எளிய சொல்லுக்கு முன்னிடைச்சொல் வேண்டும், கனத்த சொல்லுக்கு வேண்டாம். வகுப்பறையில் கனத்த சொல்லுக்குப் பொருள் எப்படிச் சொல்லித் தரப்படுகிறது? ‘டிஸ்கஸ்னா டாக் அபவுட்’ என்றுதானே? பொருளோடு சேர்ந்து ‘அபவுட்’டும் வந்துவிடுகிறது. இந்த ஒழுங்குக்கும் விலக்கு உண்டு: லத்தீன் வழிவந்த ‘டிபெண்ட்’டுக்கு ‘ஆன்’ வேண்டும், ‘கன்சிஸ்ட்’டுக்கு ‘ஆஃப்’ வேண்டும். அந்தக் ‘கன்சிஸ்ட் ஆஃப்’தான் பக்கத்து வீட்டுக் ‘காம்ப்ரைஸ்’ வினைக்கும் ஓர் ‘ஆஃப்’பைக் கடன் கொடுத்துவிட்டது.

இந்த வாதத்துக்கு நீலகிரி மட்டும் சாட்சியாக முடியாது. இங்கே தமிழ், படகர் மொழி, தோடர் மொழி, கோத்தர் மொழி, இருளர், குறும்பர் மொழிகள், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் என்று பல மொழிகள் பேசப்படுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 பேர் வாழும் ஒரு சிறிய மாவட்டத்துக்கு இது பெரிய சொத்து. ஆனால் இவை அத்தனையும் திராவிட மொழிகள். பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும் முறையில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. எனவே படகர் வீட்டுப் பிள்ளையும் தமிழ் வீட்டுப் பிள்ளையும் ஒரே தவறைச் செய்தால், அது தாய்மொழியால் வந்ததா ஆங்கிலத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும். நைஜீரியாவிலும் கானாவிலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘டிஸ்கஸ் அபவுட்’ புழங்குவது பல காலமாகப் பதிவாகியிருக்கிறது. நைஜீரியாவில் பேசப்படும் யோருபா மொழிக்கும் தமிழுக்கும் என்ன உறவு? வியன்னாவைச் சேர்ந்த மொழியியலாளர் பார்பரா சைடல்ஹோஃபர், பல நாட்டவர் தங்களுக்குள் பொதுமொழியாகப் பேசும் ஆங்கிலத்தின் இயல்புகளை 2004-இல் தொகுத்தபோது, மிகையான முன்னிடைச்சொல்லை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். ‘ஸ்டடி அபவுட்’ அவர் காட்டிய உதாரணம். இத்தனை வேறு வேறு தாய்மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால், பழியைத் தாய்மொழிகள் மீது போடுவதற்கு முன் தரையைப் பார்ப்பதே நியாயம்.

தாய்மொழி தடை என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் அது துணையாக இருப்பது கண்ணில் படும். ஒரு வினை தனக்கு வேண்டிய உருபைத் தானே தேர்ந்துகொள்ளும் என்பது தமிழர்க்கு ஆங்கிலேயர் வந்து சொன்ன செய்தியல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமையியல், இரண்டாம் வேற்றுமை எந்தெந்தச் செயல்களோடு வரும் என்று காத்தல், ஒத்தல், புகழ்தல், பழித்தல் எனத் தொடங்கி நீண்ட பட்டியலே தருகிறது. அடுத்து வரும் வேற்றுமை மயங்கியல், ஒரே வினைக்கு இரண்டு உருபுகள் பொருந்தும் இடங்களைப் பேசுகிறது. அச்சத்தைக் குறிக்கும் சொல் ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும், இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் என்பது அங்கே உள்ள விதிகளுள் ஒன்று. இன்றைய பேச்சு அந்த இரண்டையும் தாண்டிவிட்டது. கோத்தகிரியில் கொழுந்து பறிக்கப் போகும் பெண் காட்டுமாட்டுக்குப் பயப்படுகிறார், அல்லது காட்டுமாட்டைப் பார்த்துப் பயப்படுகிறார். காட்டுமாட்டை அஞ்சுவது எழுத்தில் மட்டுந்தான். ‘சொல்’ என்ற வினை இன்னும் சுவையானது. ‘அவன்கிட்ட சொல்லு’ என்றால் செய்தி போகிறது. ‘அவனை வரச் சொல்லு’ என்றால் கட்டளை போகிறது. ‘அவனைச் சொல்லாதே’ என்றால் குற்றம் சாட்டாதே என்று பொருள். உருபு மாறினால் வினையே வேறாகிவிடுகிறது. ஆங்கிலேயத் துரைமார் இந்த மூன்றையும் பிரித்தறியத் திண்டாடியிருப்பார்கள். அவர்களுக்கென்றே கையடக்கத் தமிழ் வழிகாட்டிகள் வெளிவந்தன. இலங்கைத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்காக டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலி டமில்’ 1915-இல் கொழும்பில் அச்சானது. 1860-களில் ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி. யு. போப், தமிழ் கற்க விரும்பும் ஆங்கிலேயருக்குக் கையேடு எழுதியவர். தோடர் மொழிக்கும் ஓர் இலக்கணச் சுருக்கம் எழுதினார், அது 1873-இல் மார்ஷல் என்பவரின் நூலோடு சேர்ந்து வெளிவந்தது. வினைக்கு உருபு தேடும் சிக்கலை இந்த மலை இரண்டு திசையிலும் பார்த்திருக்கிறது.

இரு மொழிக்கும் இடையே உண்மையான வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் உருபைத் தேர்வது வினை, சுமப்பது பெயர். ‘புகாரை விசாரித்தார்’ என்பதில் சொற்களை எப்படி இடம் மாற்றிப் போட்டாலும் ‘-ஐ’ புகாரோடுதான் போகும். ஆங்கிலத்தில் ‘லுக் இன்டு த கம்ப்ளெயின்ட்’ என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் ‘த கம்ப்ளெயின்ட் வாஸ் லுக்ட் இன்டு’. பெயர் முன்னால் போய்விட்டது, ‘இன்டு’ மட்டும் வினையின் பக்கத்திலேயே நிற்கிறது. முன்னிடைச்சொல் யாருடைய ஆள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இப்படி வினையோடு நிற்கக்கூடியதை நம் வகுப்பறைகள் எப்போதும் பெயருக்கு முன்னால் வைக்கும் தனிச்சொல்லாகவே அறிமுகப்படுத்துகின்றன. பெட்டிக்கு மேலே பூனை, பெட்டிக்குள் பூனை என்று படம் போட்டு ‘ஆன்’, ‘இன்’ சொல்லித் தருவது இடத்தைக் காட்டப் போதும். ‘இன்சிஸ்ட் ஆன்’, ‘பார்ட்டிசிபேட் இன்’ என்று வரும்போது பூனையும் உதவாது, பெட்டியும் உதவாது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். முன்னிடைச்சொல்லுக்கென்று பொருள் உண்டு, அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் எந்த வினைக்கு எது என்று ஊகித்துவிடலாம், மனப்பாடம் எதற்கு? இந்த மறுப்பில் சாரம் இருக்கிறது. ‘த்ரோ த பால் டு ஹிம்’ என்றால் அவர் பிடிப்பதற்காக எறிவது. ‘த்ரோ இட் அட் ஹிம்’ என்றால் அவரைத் தாக்குவதற்கு. ‘ஷவுட் டு’, ‘ஷவுட் அட்’ இரண்டுக்கும் இடையிலும் இதே வேறுபாடுதான். ‘அட்’ குறிபார்க்கிறது என்று சொல்லித் தந்தால் ‘லாஃப் அட்’, ‘ஸ்டேர் அட்’ எல்லாம் ஒரு கோட்டில் வந்துவிடும். இப்படிச் சேர்த்துச் சொல்லித் தருவது நல்லது. ஆனால் இந்தப் பொருள் வந்ததை விளக்குமே தவிர, வரப்போவதைச் சொல்லாது. ‘வெயிட்’டுக்கு ‘ஃபார்’ ஏன் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தவர், ‘அவெய்ட்’டுக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு அதே காரணத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். இத்தனை கோடி இந்தியர்கள் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்றால் அது இந்திய ஆங்கிலம், தவறு என்று சொல்ல நீங்கள் யார்? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மை. பிரிட்டனில் தீர்ப்பு ‘அகைன்ஸ்ட்’ அப்பீல் செய்கிறார்கள். அமெரிக்காவில் தீர்ப்பையே நேராக அப்பீல் செய்கிறார்கள். ‘ப்ரொட்டஸ்ட்’ வினைக்கும் இதே பேதம். ஓர் அமெரிக்கர் ‘வ்ரைட் மீ’ என்று எழுதினால் நாம் அதை வட்டார வழக்கு என்கிறோம். மஞ்சூர் மாணவர் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்றால் தவறு என்கிறோம். இந்த அநீதியை ஒப்புக்கொள்ள வேண்டும். பேச்சில், நண்பர்களுக்கு எழுதுவதில், ‘டிஸ்கஸ் அபவுட்’ சொன்னவரைத் திருத்துவது அநாகரிகம் என்றே நினைக்கிறேன். பொருள் எங்கும் சிதையவில்லை. ஆனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைக்கு இந்த வாதம் சோறு போடாது. அதைப் படித்துத் தேர்ந்தெடுப்பவர் மொழியியல் பார்ப்பதில்லை. எது வழக்கு, எது தேர்வுத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளும் உரிமை மாணவர்க்கு உண்டு. இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் சொல்வது, ஏற்கெனவே நல்ல ஆங்கிலம் கைவந்தவர்கள் மட்டும் காட்டக்கூடிய தாராளம்.

அப்படியானால் எப்படிச் சொல்லித் தருவது? 1930-களிலிருந்து இந்தியப் பள்ளிகளை ஆண்டுவரும் ரென் – மார்ட்டின் இலக்கண நூல், முன்னிடைச்சொல் வாரியாகப் பட்டியல் தருகிறது: இந்த வினைகளுக்கு ‘டு’, இவற்றுக்கு ‘வித்’, இவற்றுக்கு ‘ஆஃப்’. எழுதுகிறவர் தேடுவதோ எதிர்த் திசையில். அவர் கையில் வினை இருக்கிறது, முன்னிடைச்சொல்தான் இல்லை. அதைவிடப் பெரிய குறை, இந்தப் பட்டியலில் ‘எதுவும் வேண்டாத’ வினைகளுக்கு இடமில்லை. ‘டிஸ்கஸ்’, ‘என்டர்’, ‘மேரி’, ‘ரிசெம்பிள்’, ‘ரீச்’ எல்லாம் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. நம் பிள்ளைகள் அதிகம் பிசகுவது அவற்றில்தான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி இதை வினையின் பக்கத்திலிருந்து அணுகினார். 1942-இல் டோக்கியோவில் வெளியான அவருடைய அகராதி, ஒவ்வொரு வினையும் எந்தெந்த அமைப்பில் வரும் என்பதைக் குறியீடு போட்டுக் காட்டியது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்புச் செய்தது. இன்று மாணவர் வாங்கும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதன் வாரிசு. ‘எக்ஸ்ப்ளெயின்’ என்ற சொல்லை அதில் புரட்டினால், யாருக்கு என்று சொல்ல ‘டு’ வேண்டும் என்பது முதல் வரிகளிலேயே தெரிந்துவிடும். அகராதியைப் பொருளுக்கு மட்டும் புரட்டுகிற பழக்கத்தால் அந்த வரி வீணாகிறது.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விமுறைதான் இதில் மிகப் பெரிய முட்டுக்கட்டை. கோடு போட்டிருந்தால் ஏதோ ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று பிள்ளை நினைப்பது இயல்பு. ‘வி டிஸ்கஸ்டு … த பிராப்ளம்’ என்று யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனெனில் விடை வெற்றிடம். ஆக, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு மாணவர் நிரப்பும் ஒவ்வொரு கோடும், வினைக்குப் பின்னால் எப்போதும் ஒன்று வேண்டும் என்ற பாடத்தையே திரும்பத் திரும்பக் கற்பிக்கிறது. பாடநூல் எழுதுபவர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வினைகளை அவற்றின் துணையோடு, துணை வேண்டாதவற்றை ‘எதுவும் வேண்டாம்’ என்ற குறிப்போடு ஒரே பட்டியலில் கொடுங்கள். பக்கத்திலேயே தமிழ் வினையும் அதன் உருபும் இருக்கட்டும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். தேர்வில் நான்கு விடைகள் கொடுத்தால் நான்காவது விடையாக ‘எதுவும் வேண்டாம்’ என்பதை வையுங்கள், சில கேள்விகளுக்காவது அதுவே சரியான விடையாக இருக்கட்டும்.